மூஞ்சூறுக்குக் கண் திறக்க வா

கொக்கட்டிச்சோலை,
வைகாசி 14.

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் உடம்பால் நலம், பிள்ளையார் துணையால் நீயும் அங்கே குளிர் விலகி நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். பன்னிரண்டு நாட்களாக உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் இருந்தது. இப்போது எழுதலாம். நீ செதுக்கி அனுப்பிய மூஞ்சூறு வாகனத்தைக் கோயில் ஏற்றுக்கொண்டுவிட்டது.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பெட்டி வந்த அன்று, கோயில் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கர் நல்லரத்தினம் மாமா முன்னிலையில்தான் பிரித்தேன், அது என் பிழை. துணியை விலக்கியதும் இரண்டு கண்ணாடிக் கண்களும் மினுங்கின. மாமா உடனே கையை எடுத்து, கண் திறந்து வந்ததைக் கோயில் ஏற்காது என்றார். வாகனத்துக்குக் கடைசியாகக் கோயிலில் வைத்துத்தான் கண் திறப்பது, திறந்ததும் அது முதலில் பார்ப்பது கன்றோடு நிற்கும் பசுவும் நிறைகுடமும் கண்ணாடியும் என்பது உனக்கும் தெரியும், ஆனால் நாலு வருடம் சுவிஸில் பிரியன்ஸ் மரச்சிற்பப் பள்ளியில் கரடி செதுக்கிய கைக்குக் கண்ணாடி மணி பதித்தால்தான் வேலை முடிந்ததாகத் தோன்றியிருக்கும். "உங்கட மகள்ர மூஞ்சூறு முதல் முதல் பார்த்தது கொழும்புச் சுங்கத்தையாம் மச்சான்" என்று மாமா சந்தி வரைக்கும் சொல்லித் திரிந்தார். ஜெர்மனியில் இருக்கும் அவருடைய மருமகன் படத்தைப் பார்த்துவிட்டு, இது ஜெர்மன் கருங்காட்டுப் பக்கத்து வேலை, சுவிஸ் வேலையே இல்லை என்றும் சொன்னாராம். அம்மா வாகனத்தைத் தன் கூறைச் சேலையால் மூடி முன் அறையில் வைத்தாள். அவள் வைத்த நேர்த்திக்கடன் அது. நேர்த்திப் பொருளைக் கோயில் திருப்பி அனுப்பினால் எந்த முகத்தோடு அங்கே போவது என்று வெள்ளிக்கிழமைகூட வீட்டிலேயே விளக்கு வைத்தாள்.

நான் நாற்பது வருடம் செய்தி எழுதியவன், கேள்விப்பட்டதை வைத்துச் சண்டை பிடிக்கமாட்டேன். நீ அனுப்பிய கடிதங்களையும் பள்ளியின் சிறு புத்தகத்தையும் எடுத்து மூன்று நாள் குறிப்பு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்றிலில் சபை கூடியபோது, வாகனத்தைக் கொண்டுபோய் வைத்து, அம்மாவும் பக்கத்தில் நிற்க வாசித்தேன். 1815இல் நம் கிழக்கே இந்தோனேசியாவில் எரிமலை வெடித்த சாம்பலால் மறு வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, பயிர் அழுகியது, அந்தப் பஞ்சத்தில்தான் பிரியன்ஸில் கடைசல் வேலை செய்த ஒருவர் முட்டை வைக்கும் கிண்ணங்களில் இலை கொடி செதுக்கிப் பயணிகளுக்கு விற்கத் தொடங்கினார் என்று சொல்கிறார்கள், ஏரிக்கரை முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது, கரடி அவர்களுடைய பேர்ன் மாநிலத்தின் சின்னம், 1884இல் நீ படித்த பள்ளி வந்தது என்று சொன்னேன். வெளிநாட்டு வியாபாரிகள் இந்தச் சாமான்களை ஜெர்மன் கருங்காட்டின் பெயரால் நெடுங்காலம் விற்றார்கள், ஆராய்ந்தவர்கள் பிறகு திருத்தினார்கள், மருமகன் இன்னும் பழைய விலைச்சீட்டைத்தான் வாசிக்கிறார் என்றதும் சபை சிரித்தது. மாமாவும் சிரித்தார், ஆனால் இறங்கவில்லை. வரலாறு சரி மச்சான், கண் கண்தானே என்றார்.

அப்போது உன் கடிதத்தில் ஒரு வரியை வாசித்தேன். அங்கே செதுக்குபவர் கண் செய்வதில்லை, கண்ணாடி வேலைக்காரரிடம் மணியாக வாங்கிக் குழியில் பசை வைத்து ஒட்டுவார் என்று நீ முதலாம் வருடமே எழுதியிருந்தாய். தேர்ச் சிற்பி உதயரூபன் அதுவரை வாகனத்தின் காது மயிரைத் தடவிக்கொண்டிருந்தார். எழும்பி ஊசியால் நெம்பினார், இரண்டு மணிகளும் அம்மா நீட்டிய கையில் விழுந்தன. உள்ளே வெறும் குழிதான். "இது கண் இல்ல, நகை. பூட்டினத கழட்டியாச்சு. குழிய நம்மட வேம்பால அடைச்சுத் தாறன்" என்றார். ஒவ்வொரு மயிரையும் வேறு வேறு வெட்டாக எடுத்திருக்கிறாள், தன்னால் இவ்வளவு பொறுமையாக முடியாது என்றும் எல்லோரும் கேட்கச் சொன்னார்.

பின்னாலிருந்து ஒருவர், அப்படியானால் கண்ணை உதயரூபனே திறக்கட்டும், பொம்பிளைப் பிள்ளை திறந்த வழக்கம் இல்லையே என்றார். உதயரூபன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "செதுக்கின கைதான் திறக்கோணும். நான் திறந்தா அது களவு" என்றார். மாமா சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப என்ன, புள்ளய வரச் சொல்லு மச்சான். பசுவ நான் பார்க்கிறன்" என்றார். அம்மா அழவில்லை, நேரே கோயிலுக்குள் போய்த் தேங்காய் உடைத்தாள்.

ஆவணிச் சதுர்த்திக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாள் வைத்தாயிற்று. பொன் ஊசி உதயரூபன் தருவார். குழியை அடைக்கும் வேப்ப மரம் நீ அங்கே செதுக்கும் லிண்டன் மரத்தைவிடக் கடினம், அதனால் இரண்டு நாள் முந்தி வந்து ஒரு துண்டில் வெட்டிப் பழகிக்கொள். உளிகளைக் கைப்பையில் வைத்து விமான நிலையத்தில் பறிகொடுக்காதே, பெரிய பெட்டியில் போடு. லீவுக்கு இன்றைக்கே எழுதிக் கொடு, மற்ற வருடங்களைப் போல் பார்ப்போம் என்று சொல்லாதே. பசு, நிறைகுடம், கண்ணாடி எல்லாம் முன்னால் வைப்பார்கள். ஆனால் ஊசியோடு குனிந்திருப்பது நீதான், அது விழித்ததும் முதலில் உன்னைத்தான் பார்க்கும்.

பிள்ளையார் உன் கைகளைக் காக்கட்டும்.

அம்மா மங்கையற்கரசியின் ஆசியோடும்,
உன் அப்பா,
சி. இளையதம்பி