கறுப்புப் பூச்சு

ஷென்ஜென், ஹுவாச்சியாங்பெய் சந்தை
2021 மார்ச் 9

யூமெய்க்கு,

நலமா? என் நம்பரை உன் கைபேசியில் பிளாக் செய்துவிட்டாய். அதனால்தான் இந்தக் காலத்திலும் கூரியரில் காகிதம் வருகிறது. திட்டாமல் கடைசிவரை படி.

ஊரெங்கும் சிப் பஞ்சம். ஃபோஷானில் வாட்டர் ஹீட்டர் செய்யும் ஒரு கம்பெனிக்கு, ஹீட்டரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் மைக்ரோகன்ட்ரோலர் சிப் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் மாடியில் கடை வைத்திருக்கும் ஷாவிடம் சரக்கு இருக்கிறது. ஆலையிலிருந்து நேரே வந்தது என்று சத்தியம் செய்கிறான். வாங்க வேண்டுமென்றால் வீட்டை அடகு வைக்க வேண்டும்.

அசலா போலியா என்று சொல்ல உன் ஆய்வுக்கூடத்தை விட்டால் எனக்கு வேறு போக்கில்லை. விவாகரத்து ஆனால் என்ன, பகையா? உன் தம்பிக்கு நடந்ததை நினைத்து நான் வருந்தாத நாளில்லை. மாதிரிச் சிப்புகள் இத்துடன்.

அன்புடன்
பெங் கைஜியாங்

*

பாவ்ஆன்
மார்ச் 12

கைஜியாங்,

வருந்தாத நாளில்லையா? நம் பட்டறையில் பழைய சிப்புகளைப் புதிதென்று கலந்தவன் நீ. போலீஸ் வந்ததும், "ஸ்டோர் சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு" என்று என் தம்பி யூசெங்கைக் கைகாட்டியவனும் நீ. மூன்று வருடம் உள்ளே கிடந்தான். அம்மாவின் சாவுக்குக்கூட அவனை விடவில்லை. உன் வருத்தத்தை நீயே வைத்துக்கொள்.

கேட்டதற்குப் பதில்: போலி. பஞ்சை அசிட்டோனில் நனைத்துத் தேய்த்தேன், பஞ்சு கறுத்தது. பூச்சு உரிந்த இடத்தில் உப்புத்தாள் கீறல்கள். பழைய எழுத்தைத் தேய்த்து, மேலே கறுப்புப் பூசி, புது எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். புதுச் சிப் என்றால் கால் முனைகளில் வெட்டிய செம்பு தெரிய வேண்டும். இதில் பற்றவைத்த ஈயம் மூடியிருக்கிறது. குப்பையில் போட்ட பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவை. மேலே எல்லாவற்றிலும் ஒரே தயாரிப்பு வாரம், அடியில் அச்சுக்குறி மட்டும் ஒன்றுக்கொன்று வேறு. அமிலத்தில் கரைத்து உள்ளேயும் பார்த்தேன். மேலே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று.

இந்த வியாபாரமும் உனக்கு விளங்காது. நீ நடுத்தெருவில் நிற்பதைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

தாவ் யூமெய்

*

ஹுவாச்சியாங்பெய்
மார்ச் 15

யூமெய்,

இன்னும் அதே வாய். உன் கடிதத்தை ஷாவுக்கே படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பழைய பொண்டாட்டிகிட்டப் போயா கேட்ட? உனக்கு நாலு காசு வந்தா அவளுக்குப் பொறுக்குமாய்யா? அசிட்டோன்ல தேச்சா எந்த மைதான் நிக்கும்? வேணாம்னா சொல்லிடு, சாயங்காலமே வேற ஆள் அள்ளிட்டுப் போயிடுவான்."

வேறு இடத்திலும் சோதிக்கத்தான் நினைத்திருந்தேன். உன் வசையைப் படித்ததும் அந்த எண்ணமே போய்விட்டது. நல்ல சரக்கு என்று நீ எழுதியிருந்தால்தான் பயந்திருப்பேன்! பணம் கட்டியாயிற்று, சரக்கும் ஃபோஷானுக்குக் கிளம்பிவிட்டது. ஒருநாள் வா, நாம் வழக்கமாகப் போகும் ஹூனான் சாப்பாட்டுக் கடையில் மிளகாய் போட்ட மீன் தலை வாங்கித் தருகிறேன். காரம் குறைந்தாலாவது உன் நாக்கு அடங்கும் என்றால் அதையும் சொல்லி வைக்கிறேன்.

கைஜியாங்

*

ஹுவாச்சியாங்பெய்
ஏப்ரல் 6

அன்புள்ள யூமெய்,

அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள். ஃபோஷான்காரர்கள் சரக்கை ஆலைக்குள் எடுக்கும் முன்பே மாதிரிகளைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதுவும் உன்னிடம்! ஒரு சிப்பைக்கூட போர்டில் ஏற்றவில்லை. நான் தெரிந்தே ஏமாற்றினேன் என்று போலீஸில் புகார் கொடுத்துவிட்டார்கள்.

ஷாவின் கடைக்கு ஓடினேன். கதவு இழுத்து மூடியிருக்கிறது. பக்கத்துக் கடைப் பெண், "எந்த ஷா? ஓ, அவரா? காலி பண்ணிட்டுப் போயி ரொம்ப நாளாச்சேண்ணே" என்று பூ வரைந்த நகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்.

நான் ஏமாந்தவன், யூமெய். உன் ஆய்வுக்கூடத்தில் மாதிரிகள் மாறிவிட்டன என்று ஒரு வரி எழுது, போதும். மீதியை நான் பேசிக்கொள்கிறேன். உன் காலில் விழுகிறேன்.

உன் கைஜியாங்

*

பாவ்ஆன்
ஏப்ரல் 9

கைஜியாங்,

எழுத மாட்டேன்.

நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் மற்றவர்களுக்குப் படங்களை ஒட்டி, முத்திரை குத்தி, வணக்கம் போட்டு அறிக்கை தருகிறேன். உனக்கும் அப்படித் தந்திருந்தால் நம்பியிருப்பாய். நல்லது என்று எழுதியிருந்தால் அடுத்த ஆய்வுக்கூடத்துக்கு ஓடியிருப்பாய். அதனால் உண்மையை வசையில் முக்கி அனுப்பினேன். உன்னோடு பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். எதை நம்பமாட்டாய் என்று எனக்குத் தெரியாதா?

ஃபோஷான்காரர்கள் என் பழைய வாடிக்கையாளர்கள். புது வியாபாரியிடமிருந்து வரும் எந்தச் சிப்பும் என் மேசையைத் தாண்டாமல் அவர்கள் ஆலைக்குள் நுழையாது. உன் சரக்கு அவர்களுக்குத்தான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் உனக்கு எழுதினேன். எவர் வீட்டுக் குளியலறையிலும் எதுவும் வெடிக்கக் கூடாது. வெடிக்க வேண்டியது உன் வீடு மட்டும்.

நேற்று யூசெங்குக்குப் போன் செய்தேன். குய்யாங்கில் லாரி ஓட்டுகிறான், புத்தாண்டுக்குக்கூட வீடு வருவதில்லை. "டேய், அந்தாளைப் போலீஸ் கூப்பிட்டு விசாரிக்கிறாங்கடா" என்றேன்.

"அதனால எனக்கு என்னக்கா திரும்பி வரப்போகுது?" என்றான். "மலைப்பாதை. அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டான்.

இதைப் படித்ததும் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆறுதல்பட வேண்டாம். அவனுக்குத் தேவையில்லை என்றால் போகட்டும். எனக்குத் தேவை.

தாவ் யூமெய்