எழுபத்திரண்டாம் மாடியில் காட்டிய டாட்டா

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே.

மாமாவும் அத்தையும் வந்த நாலு நாளும் வீடு கல்யாண வீடுதான். என்னோடு பள்ளியில் படித்த ஒல்லியும் சேர்ந்துகொண்டான். ஊரைச் சுற்றிக்காட்டினேன். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும், "இந்த லிஃப்டுக்கு ரோப் மாத்தினது நான்தான்" என்று ஆரம்பித்துவிட்டேன்.

"மாப்ள, ஊரைக் காட்டுறேன்னு கூட்டிட்டு வந்து லிஃப்டா காட்டுறியே!" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு பெரிய கட்டடத்தின் எழுபத்திரண்டாம் மாடியில், "ஊர்ல நம்ம வீடு எந்தப் பக்கம்டா?" என்றார் அத்தை. மூன்று வருடமாக அங்கே லிஃப்ட் குழிக்குள்தான் வேலை. ஜன்னல் பக்கம் போனதே இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, கையை நீட்டிவிட்டேன். நாலு பேரும் உனக்கு டாட்டா காட்டினோம். இறங்கி வந்து போனில் மேப்பைப் பார்த்தால், அது நேர் எதிர்ப்பக்கம்! நான் மூச்சு விடவில்லை. நீயும் சொல்லிவிடாதே.

மாமா தன் துண்டை மறந்துவிட்டுப் போய்விட்டார். அது இங்கே கொடியிலேயே கிடக்கட்டும், நினைவுபடுத்தாதே.

கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கிறது. அந்த டாட்டா செல்லாது, அம்மா. நேற்று வேலை முடிந்ததும் தனியாக மேலே ஏறி, சரியான பக்கம் பார்த்து இன்னொரு தடவை காட்டினேன்.

உன் மகன்