இன்றைக்கு என்ன படித்தீர்கள்?

திண்டுக்கல்
வியாழக்கிழமை

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

மலர்விழி எழுதிக்கொள்வது. இங்கே நான், பாப்பா, அத்தை மூவரும் மாதா புண்ணியத்தில் சுகம். அங்கே நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் ‘அங்கே’ என்று எழுதும்போதே பேனா நின்றுவிடுகிறது. எங்கே என்பதுதானே இப்போது கேள்வி?

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று கேட்டால், செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுறேன், கிளாஸ் ஆரம்பிச்சுருச்சு என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. போன மாதம் உங்கள் சென்னை விடுதி முகவரிக்கு ஒன்று போட்டேன். இந்தப் பெயரில் யாரும் இல்லை என்று திரும்பி வந்தது. உங்களிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலமும் விடுதிச் சாம்பார் வாயில் வைக்க விளங்கவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டீர்கள். நானும், வெளிச் சாப்பாடு அப்படித்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். நல்ல புருஷன், நல்ல பெண்டாட்டி!

அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நீங்கள் மில் வேலையை விட்ட நாளிலிருந்து நமக்குள் ஒரு வழக்கம் உண்டே. இன்றைக்கு என்ன படித்தீர்கள் என்று சாயங்காலம் நான் கேட்பேன். எந்தப் பாடமானாலும் ஒரே ஒரு கருத்தை எனக்குப் புரிகிற மாதிரி நீங்கள் சொல்ல வேண்டும். எனக்குப் புரியாவிட்டால் உங்களுக்கே புரியவில்லை என்று அர்த்தம். அது நீங்கள் போட்ட சட்டம். மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விட்டுக்கொள்வது சவ்வூடு பரவல். மில் பஸ் திடீரென்று நின்றால் நாங்கள் முன்னால் போய் முட்டிக்கொள்வது நிலைமம். அசோகர் ஏன் கல்லில் எழுதினார், கிராம சபையை யார் கூட்டலாம், விலைவாசி ஏன் ஏறுகிறது என்று அடுப்படியில் நின்றுகொண்டே அரைப் பள்ளிக்கூடம் முடித்தேன். நீங்கள் சென்னைக்குப் போன பிறகும் போனில் அது நிற்கவில்லை. அதனால்தான் உங்கள் குட்டும் வெளிப்பட்டது.

முதலில் சத்தம். வாசகசாலை என்கிறீர்கள், பின்னால் லாரி ஹாரன் அடிக்கிறது. கேட்டால் மெயின் ரோட்டு மேலேயே லைப்ரரி என்றீர்கள். சரி. ஒரு நாள் யாரோ உங்கள் காதோரமே, சேட்டா, வேகம் வா என்று கத்தினான். கூடப் படிக்கிற மலையாளப் பையன் என்றீர்கள். தமிழ்நாட்டு அரசுப் பரீட்சைக்கு மலையாளப் பையன் எதற்கு வந்து படிக்கிறான்? அதுவும் சரி என்று விட்டேன். ஆனால் அன்றைக்கே எனக்குள் ஒரு பூச்சி புகுந்துவிட்டது.

அதன் பிறகு நீங்கள் சொல்வதைச் சரிபார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. ரஃபியாவைத் தெரியுமே, மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் எனக்குப் பக்கத்து மெஷின். அவளுடைய தங்கையிடமிருந்து ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை புதுப் பாடப் புத்தகங்களை வாங்கினேன். வேடசந்தூர் மில்லுக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸிலேயே படித்தேன். நீங்கள் அலமாரியில் விட்டுப்போன பழைய புத்தகங்களையும் இழுத்துப் போட்டேன். என் கணவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க உயிரியலும் குடிமையியலும் படித்த பெண்பிள்ளை இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்திதான் இருப்பேன்.

ஆடிப் பதினெட்டு அன்று சும்மா பேச்சுவாக்கில், இந்தியாவில் எத்தனை மாநிலம் என்று கேட்டேன். இருபத்தொன்பது என்று பட்டென்று சொன்னீர்கள். உங்கள் பழைய புத்தகத்தில் இருபத்தொன்பதை அடித்துவிட்டு, சிவப்பு மையில் இருபத்தெட்டு என்று திருத்தியதே நீங்கள்தானே! காஷ்மீரை யூனியன் பிரதேசமாக்கியதை எனக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே விளக்கினீர்களே. தினமும் படிக்கிற மனுஷன் தன் கையால் திருத்தியதை மறப்பாரா? இவர் புத்தகத்தைத் தொட்டு மாதக்கணக்காகிறது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

படிக்காத மனுஷன் அங்கே என்ன செய்கிறார்? ஒளிக்காமல் எழுதுகிறேன், ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுக்கு முகமெல்லாம்கூட வைத்துவிட்டேன். நல்ல சிவப்பு, ஒல்லி, பட்டப் படிப்பு. நீங்கள் சொல்கிற கருத்தெல்லாம் ஒரே தடவையில் அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் முட்டி போட்டுக்கொண்டு அவளைச் சபித்தேன். அத்தையிடம் சொன்னதற்கு, எம் மகன் அப்புராணி, புருஷனைச் சந்தேகப்படுற குடும்பம் வெளங்குமா என்று என் மேல் பாய்ந்தார். சொல்லிவிட்டு அன்று அவரும் சோறு உண்ணவில்லை.

போன வாரம் காத்தமுத்து வீட்டுக்கு வந்தார். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லாரி ஓட்டுகிற, நம் தெருமுனைக் காத்தமுத்துதான். வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு, தங்கச்சி, எர்ணாகுளம் மார்க்கெட்டுல மூட்டை எறக்குற ஆளுகள்ல ஒருத்தர் நம்ம மாப்ள பிரிட்டோ சாடையிலயே இருக்காரு என்றார். ஒருத்தரைப்போல ஏழு பேர் இருப்பார்கள் என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். அவர் போகவில்லை. தக்காளி விலை விழுந்த அன்று, வரத்து கூடினால் விலை ஏன் இறங்குகிறது என்று அந்த ஆள் மற்றவர்களுக்கு விளக்கினாராம். அளிப்பு, தேவை என்று மூட்டையின் மேல் விரலால் கோடு போட்டுக் காட்டினாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அவரும் சிரித்துவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கினாராம்.

அதற்கு மேல் எனக்கு அடையாளம் எதற்கு? கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒருத்தி இல்லை என்ற நிம்மதியில் கொஞ்சம், உங்கள் முதுகை நினைத்து மிச்சம்.

இருந்தாலும் என் சந்தேகம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. எப்போது சென்னையை விட்டீர்கள்? போன பரீட்சையில் கட் ஆஃப் மார்க் நழுவிய அன்றா? என் அண்ணன் இங்கே எல்லோர் முன்னாலும், மாப்ள எப்பங்க கலெக்டராகப் போறீங்க என்று கேட்ட அன்றா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது என்று எப்படித் தோன்றியது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அதையும் தினமும் எனக்கே பரிமாறினீர்களே! உங்கள் மேல் எனக்கு ரொம்பக் கோபம். இதையெல்லாம் நேரில் கேட்கப் போகிறேன். அதனால் இப்போதே பதில் தயார் செய்ய வேண்டாம்.

இனி நான் மறைத்தது. உங்களுக்குக் குரூப் ஃபோர் விண்ணப்பம் போடச் சொல்லி என்னை பிரவுசிங் சென்டருக்கு அனுப்பினீர்களே, அன்று எனக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். நீங்கள் எழுத வருகிறீர்களா என்று பார்த்து, பரீட்சைக் கூடத்திலாவது உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற எண்ணம்தான் முதலில் இருந்தது. படிக்கப் படிக்க, எனக்கே ஆசை வந்துவிட்டது. ரஃபியாகூட, ஏண்டி, வேவு பாக்கப் போயி வேலைக்குப் போயிருவபோல என்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. இரண்டு பேர் ஹால் டிக்கெட்டும் மாதா படத்துக்குக் கீழே இருக்கின்றன. இரண்டுக்கும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளிக்கூடம்.

தமிழ், வரலாறு, அறிவியல் எல்லாம் ஒரு மாதிரி சமாளித்துவிடுவேன். கணக்குதான் உதைக்கிறது. அதிலும் இந்த வேலையும் நேரமும். ஒருவர் தனியாகச் செய்தால் எத்தனை நாள், இருவர் சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்று கேட்கிறானே, அது. பஸ்ஸில் யாருக்கும் தெரியவில்லை. நீங்கள்தான் வந்து சொல்லித்தர வேண்டும்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. காத்தமுத்து உங்கள் கையிலேயே கொடுப்பார். நீங்கள் படித்து முடிக்கும்வரை அவரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். சரக்கை இறக்கிவிட்டு வெறும் லாரிதான் திரும்புகிறது, டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஆளில்லை. அவரிடம் பதில் எதுவும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருக்கிறார்.

பரீட்சை எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கூடத்து வாசல்வரை என்னோடு வந்தால் போதும். மாதா உங்களைக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சனிக்கிழமைச் சோறு உங்களுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன்.

இப்படிக்கு,
இன்றைக்கு என்ன படித்தீர்கள் என்று இனிமேல் போனில் கேட்காத
மலர்விழி