மெதுவாகப் போனால் கொதிக்கும் கார்

அக்கா,

வலது கெண்டைக்காலில் தீக்காயக் களிம்பைத் தடவிக்கொண்டு இதை எழுதுகிறேன். அறை முழுவதும் அந்த வாடை. உன் அலமாரியிலும் இதே களிம்பு எப்போதும் இருந்தது. நீ கட்டிய காரில், கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் புகைக்குழாய், இறங்கும்போது கவனம் தவறினால் காலைச் சுட்டுவிடும். "அது கையெழுத்துப் போடுதுடா" என்பாய். நேற்று எனக்குப் போட்டது.

அறுபதுகளில் சீமைப் பந்தயங்களில் ஓடிய ஒரு காரின் உருவம் அது. இரண்டே இருக்கை, கூரை கிடையாது. பாய்லர் வேலையில் அடுத்தவர் செய்த வெல்டிங்கைச் சோதிப்பது உன் உத்தியோகம். இதன் அடிச்சட்டத்தை நீயே வெல்டிங் செய்தாய். மன்னார்புரத்து ஷெட்டில் உடலை ஃபைபரில் வார்த்தாய். துறைமுக ஏலத்தில் எடுத்த எட்டு சிலிண்டர் என்ஜினை உள்ளே வைத்தாய். அசல் காருக்கே அவ்வளவு வலு இருந்ததில்லை. நகல்தானே என்று சிரித்தவர்களிடம், "உருவம்தாங்க கடன் வாங்கினது, வேகம் என்னோடது" என்றாய்.

மெதுவாகப் போவது மட்டும் அதற்கு ஆகாது. ஊர்ந்தால் கொதிக்கும். திண்டுக்கல் சாலையில் விரட்டினால் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் தானாகவே இறங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வையம்பட்டி வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். ஓட்டத் தருகிறாயா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "கேக்குறவனுக்குத் தர்ற வண்டி இல்லடா இது." உன் பதில் ஒருபோதும் மாறவில்லை.

அத்தானின் தங்கை மகனுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் என்று, உன்னைக் கேட்காமலேயே உறவினர்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டார் உன் கணவர். "ஊர்வலத்துக்கு இது தாங்காதுங்க" என்றாய். அவர் காதில் விழவில்லை. உத்திர வீதியில் நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஊர்ந்த கார், திருப்பம் வருவதற்குள் ஆவியைக் கக்கிக்கொண்டு நின்றது.

"இறங்குங்க மாப்பிள்ளை, கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தை."

"நீங்க நல்லாத்தான் இருக்கீங்க. இதுக்குத்தான் முடியல."

தவில்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் தாளத்தை விட்டார். கோட்டும் மாலையுமாக மாப்பிள்ளை மண்டபம் வரை நடந்தே போனார். அத்தானுக்கு உறவினர் முன்னால் தலைகுனிவு. அந்த அவமானத்தை அவர் இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தார் என்பதை நேற்றுத்தான் அறிந்தேன். நீ இருந்தவரை அதை வெளியே எடுக்கும் துணிவு அவருக்கு இல்லை.

நேற்று நான் ஷெட்டுக்குப் போனபோது, கல்யாண ஊர்வலங்களுக்குக் கார் வாடகைக்கு விடும் ஒருவர் ஆட்களோடு வந்திருந்தார். முன்மூடி திறந்திருந்தது. என்ஜினைத் தூக்குவதற்கான சங்கிலி மேலே தொங்கியது.

"என்ன அத்தான் இது?"

"ஊர்வலத்துக்கு விடப்போறேன் மாப்ள. சின்ன என்ஜின் ஒண்ணு வச்சாப் போதும். நிதானமா போகும்."

"அக்கா இருந்தா விட்டிருக்குமா?"

"அவ சொன்னதையெல்லாம் கேட்டாச்சு. டூப்ளிகேட் வண்டி மாப்ள. உள்ள எது இருந்தா என்ன?"

நான் குரலை உயர்த்தவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் சூடாக வருவதில்லை, நீ அறிவாய். சங்கிலியருகே நின்றவரை விலகச் சொன்னேன். முன்மூடியை இறக்கிப் பூட்டினேன். அவர்கள் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்திருந்ததால் சாவி அதிலேயே இருந்தது. இந்த முறை எவரையும் கேட்கவில்லை, ஏறிக் கிளப்பினேன்.

"மாப்ள! அது என் வண்டி!"

"வந்து எடுத்துக்குங்க அத்தான். நிதானமா வாங்க."

மன்னார்புரம் சந்திப்பின் நெரிசலில் முள் சிவப்பைத் தொட்டது. உள்ளே ஏறிய கொதிப்பு ஸ்டியரிங் வழியாக என் முழங்கை வரை வந்தது. ஊரைத் தாண்டியதும் அழுத்தினேன். நீ ஒருநாளும் பயந்ததாக எனக்குத் தெரியாது, நான் பயந்தேன். ஆயினும் காலை எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக முள் இறங்கியது.

வையம்பட்டியில் இறங்கும்போதுதான் சுட்டது. டீக்கடைக்காரர் வழக்கம்போல் இரண்டு டீ போட்டுவிட்டார்.

"அம்மா இறங்கலீங்களா சார்?"

சொன்னேன். அவர் இரண்டாவது கிளாஸைத் திரும்ப எடுக்கவில்லை. இரண்டையும் நானே குடித்தேன்.

கார் இப்போது என் வீட்டு வாசலில் நிற்கிறது. சட்டப்படி அது அவருடையது என்று உறவினர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் விளக்குகிறார்கள். விளக்கட்டும். வழக்குப் போடட்டும், இனி எந்த விசேஷத்துக்கும் என்னை அழைக்காமல் இருக்கட்டும். நீ வைத்த இடத்திலிருந்து அந்த என்ஜினை எடுக்க நான் விடமாட்டேன்.

என் இடது காலில் ஒரு பழைய தழும்பு உண்டு. அது உன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவனுடையது. உனக்கு இருந்ததெல்லாம் வலது காலில், ஓட்டுபவர் இறங்கும் பக்கத்தில்.

தடவியது போதும். களிம்பை மூடி வைக்கிறேன். இந்தத் தழும்பு மறைய வேண்டியதில்லை.