எதிர்க் கம்பெனியில் என் முடிச்சு

என் பெரியவனுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் அந்தக் கணக்கில் சேராது. நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் மட்டும் லைன் சரியில்லை என்கிறாய். போகட்டும். தங்கச்சிக்கு வேலை போன விஷயத்தை அப்பா உன்னிடம் உளறிவிட்டார், நீயும் அவளைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுக்கப் போவதாகச் சொன்னாயாம். கொஞ்சம் பொறு. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி, அப்புறம் கோபம் மிச்சமிருந்தால் என்மேல் காட்டு.

எங்கள் சலவைக் கம்பெனியும் அவள் வேலை பார்த்த எதிர்க் கம்பெனியும் ஒரே தெருவில் முறைத்துக்கொண்டு நிற்பது உனக்குத் தெரியும். ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் துண்டும் ஒன்று இங்கே வரும், இல்லாவிட்டால் அங்கே போகும். இஸ்திரி அறையில் நிற்கிற பெண்களுக்குக் கை கொப்பளித்துப் போகிறது, காற்றாடி வையுங்கள், கூலியைக் கூட்டுங்கள் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டோம். முதலாளி பாடுவது ஒரே பாட்டு. நான் கூட்டிக் குடுத்தா எதிர்க் கம்பெனிக்காரன் விலையைக் குறைச்சு என் ஓட்டலையெல்லாம் அள்ளிட்டுப் போயிடுவான், அப்புறம் நானும் தெருவுல, நீங்களும் தெருவுல என்பார். அவள் முதலாளியும் அங்கே இதே பாட்டைத்தான் பாடுவாராம். நாங்களும் அதை அப்படியே நம்பி டீக்கடையில்கூட அவர்களுக்கு ஒரு பெஞ்சு, எங்களுக்கு ஒரு பெஞ்சு என்று தனித்தனியாக உட்கார்ந்தோம். வீட்டில் நானும் அவளும் ஒரே தட்டிலிருந்து சாப்பிட்டாலும் கம்பெனிப் பேச்சு எடுக்க மாட்டோம், என்னவோ ராணுவ ரகசியம் மாதிரி. போட்டித் தொழில்ம்மா, வேலையை நிறுத்தினா வாடிக்கை போயிடும் என்று நீயும் சொன்னாய். நீ சொன்னது தப்பில்லை. ஒரு சின்ன ஓட்டல் போனது போனதுதான், இன்னும் திரும்பவில்லை.

ஆனாலும் நிறுத்தினோம். வாசலில் உட்கார்ந்தோம். ஓட்டல்காரர்கள் விரிப்பு எங்கே என்று கத்திக்கொண்டு ஓடி வருவார்கள், முதலாளி தானாக இறங்கி வருவார் என்பது எங்கள் நினைப்பு. ஒருவரும் வரவில்லை. முதலாளி மட்டும் சட்டை கசங்காமல் வந்து டீ குடிச்சீங்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். இதற்கிடையில் உன் தங்கச்சியை அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்குவதாக அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான்தான் அவளிடம், இதுல நீ தலையிடாதே, உன் மேஜையைப் பார்த்து மடிச்சு வை, அது போதும் என்று சொல்லிவைத்தேன். சரி என்று தலையாட்டினாள்.

ஓட்டல்களுடைய துணி கலந்துவிடாமலிருக்க ஓரத்தில் கலர் நூலில் அடையாளம் தைப்பது என் வேலை. நூல் அவிழாமலிருக்க இரட்டை முடிச்சு போட்டு அதன்மேல் இன்னொரு சுற்றும் சுற்றிவிடுவேன், வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. சிவப்பு நூலில் போட்ட அந்த முடிச்சு அவளுடைய மடிக்கிற மேஜைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. மேற்பார்வையாளரைக் கேட்டால் புது வாடிக்கை என்றாராம். வாடிக்கை மாறியிருந்தால் ஓட்டல்காரன் அல்லவா கொண்டுவந்து போடுவான்? இவள் பின்வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்திருக்கிறாள். அங்கே எங்கள் கம்பெனி வண்டி. எங்கள் கம்பெனிப் பைகள், பேர் தெரியாமலிருக்க உட்புறம் வெளியே வரத் திருப்பிப் போட்டிருக்கிறது. இறக்கி வைத்தது யார் தெரியுமா, எங்கள் முதலாளியின் மச்சான்! வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் தூக்காத மனிதர் மூட்டை சுமந்திருக்கிறார். எலியும் பூனையுமாக இருந்த இரண்டு முதலாளிகளும் நாங்கள் உட்கார்ந்ததும் ஒரே வண்டியில் ஏறிவிட்டார்கள், நாங்கள் மட்டும் இன்னும் இரண்டு பெஞ்சில் இருந்தோம்.

இது எங்கம்மா போட்ட முடிச்சு, இதை நான் மடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு விரிப்பைக் கீழே வைத்திருக்கிறாள். முதலில் பக்கத்து மேஜை, அப்புறம் இஸ்திரி, சாயங்காலத்துக்குள் மொத்தப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்களாம். துணி போக இடமில்லை என்றானதும் ஓட்டல்காரர்கள் கத்தின கத்தலில் எங்கள் முதலாளி இறங்கி வந்தார். கேட்டது முழுக்கக் கிடைக்கவில்லை, காற்றாடி வந்தது, கூலி கூடியது. உன் தங்கச்சியை மட்டும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கைக்கு வந்த நிரந்தர வேலையை ஏண்டி உதறினே என்று நானும் கேட்டேன். அதை மடிச்சா உன்னையே மடிச்சு அடுக்கற மாதிரி இருந்துச்சும்மா என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் அப்பா கண்டுகொள்ளவில்லை.

இப்போது எதிர்க் கம்பெனிப் பெண்கள் எங்களுக்குக் கிடைத்த கூலியையே கேட்கிறார்கள். அந்தப் பாட்டை அவர்கள் முதலாளி இனிமேல் பாட முடியாது, இங்கே கூட்டியாகிவிட்டதே. அதற்கும் முன்னால் அவர்கள் கேட்பது உன் தங்கச்சியை. அவளைத் திரும்ப எடுக்காவிட்டால் திங்கட்கிழமை வாசலில் உட்காரப் போகிறார்கள். அவர்கள் துணி எங்கள் பக்கம் வந்தால் தொட மாட்டோம் என்று நாங்களும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். என்ன ஆகும் என்று தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது.

குளிரில் தலைக்குத் துண்டு கட்டிக்கொள், ராத்திரி ரொம்ப நேரம் விழித்திருக்காதே. நீ எடுத்துவைக்கிற ஒவ்வொரு அடியும் நல்லதாகவே இருக்கட்டும், அப்பாவின் ஆசியும் உண்டு. மறக்காமல் அவளைக் கூப்பிடு. ஏன் செய்தாய் என்று கேட்காதே, சாப்பிட்டாயா என்று கேள். இதனோடு தலையணை உறை இரண்டு அனுப்பியிருக்கிறேன். ஓரத்து முடிச்சைப் பார்த்து அம்மா போட்டது என்று நினைத்துவிடாதே, அது அவள் போட்டது.

திங்கட்கிழமை எதிர்க் கம்பெனி வாசலில் அவர்களோடு உட்காரப் போகும்
உன் அம்மா