பாக்கெட் வைத்த பிடிதுணி

ராஜபாளையம்
9-6-1987

அன்பு மகன் ஐயாதுரைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம், பரோடாவில் நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய், எப்போதும் நாலு வரி எழுதுகிறவன் பெண் பார்க்கப் போனீர்களா என்று கேட்டு நாலு பக்கம் எழுதியிருக்கிறாயே, உடம்பில் தெம்பு இல்லாமலா. இருமல் நின்றதா என்று மட்டும் அந்த நாலு பக்கத்தில் இல்லை, அதை எழுது. ரொட்டியே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அவ்வப்போது மிளகு ரசம் வைத்துச் சாப்பிடு.

நீ சொன்னபடி போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அந்தப் பெண் அழகுத்தாயைப் பார்த்து வந்தோம். யாரோ சிநேகிதன் சொன்ன இடம், பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது, உங்கள் இஷ்டம்தான் என் இஷ்டம் என்று நீ எழுதியதைப் படித்து உன் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். நானும் நம்பினேன். சேத்தூரில் என் அண்ணன் தன் மகளை உனக்குக் கொடுக்க வேண்டும் என்று என் பதிலுக்குக் காத்திருப்பது உனக்குத் தெரியும். பிள்ளை ஆசையாகக் கேட்டானே, ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் நான் பஸ் ஏறினேன். மனதில் இருப்பதை மறைக்க எனக்கு உன்னைப் போல் வராது.

பெண்ணின் அம்மா கருத்தம்மாள் நல்ல மாதிரி, ஆனால் மகளின் கைவேலையைக் காட்டத் தொடங்கினால் நிறுத்தத் தெரியவில்லை. அழகுத்தாய் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தையல் வகுப்பு எடுக்கிறாளாம், உனக்குத்தான் தெரியாதே, அதனால் எழுதுகிறேன். வகுப்பில் வெட்டிப்போட்ட துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒட்டுப்போட்டு, நடுவில் மெத்தென்று துணி மடித்து வைத்து, கட்டம் கட்டமாக மிஷினில் ஓட்டி, அடுப்பிலிருந்து சட்டி இறக்கும் பிடிதுணி, காபித் தூக்குக்கு உறை, சூடான பாத்திரம் வைக்க விரிப்பு என்று கண்ணாடி பீரோ நிறைய வைத்திருக்கிறாள். நம் வீட்டில் இதற்கெல்லாம் ஒரே பெயர், கரித்துணி. நான் முந்தானையைப் பிடித்துச் சட்டி இறக்கியே காலத்தை ஓட்டிவிட்டேன், கரித்துணிக்கே இத்தனை சிங்காரம் என்றால் இவள் நாளைக்கு விளக்குமாற்றுக்கும் பாவாடை தைப்பாள் என்று உன் அப்பா காதில் சொன்னேன். அவர் கவனம் முழுக்கப் பால்கோவாவில் இருந்தது.

கிளம்பும்போது கருத்தம்மாள் வெற்றிலை பாக்கோடு மகள் கைவேலை ஒன்றும் தர வேண்டும் என்று உள்ளே ஓடினார். பீரோவில் இருந்தவை போதவில்லை போலிருக்கிறது, மகளின் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே அழகானது என்று ஒரு பிடிதுணியை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அதைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளிறிவிட்டது. உன் அப்பா அதை வாங்கி அமுக்கிப் பார்த்து, உள்ளே இருப்பது எங்கள் ஊர் பேண்டேஜ் துணி, நன்றாக மடித்து வைத்திருக்கிறது, சூடு ஏறாது என்று பெருமையாகச் சொன்னார். இத்தனை வருஷம் பேண்டேஜ் கம்பெனியில் வேலை பார்த்தவர் உள்ளே இருந்ததைக் கண்டுபிடித்துவிட்டார். மேலே இருந்தது தான் பெற்ற பிள்ளையின் சட்டை என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஆமாம் ராசா, அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டைதான். கையை நுழைத்துப் பிடிக்க வாகாக அதன் பாக்கெட்டை அப்படியே வைத்துத் தைத்திருக்கிறாள். அந்தப் பாக்கெட் ஒருமுறை கிழிந்தபோது வீட்டில் பச்சை நூல் இல்லை என்று ஊதா நூலில் நான் கோணல்மாணலாகத் தைத்தேனே, அந்தத் தையலும் அதில் இருக்கிறது. நீ ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்குப் போய் வந்துகொண்டிருந்தபோது, வெளுக்கப் போட்டேன், திரும்பி வரவில்லை என்று சொன்ன அதே சட்டை. அதற்காக நான் சலவைக்காரர் சமுத்திரத்தை வாசலில் நிறுத்தி வாங்கு வாங்கு என்று வாங்கினேன். சத்தியமாக என்னிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போன மனுஷர் இன்றுவரை நம் வாசலை மிதிக்கவில்லை. அப்போது நீ பக்கத்தில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாய். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் அடுக்களைக்குள் போய் அவளிடம் இந்தத் துணி ஏது என்று கேட்டேன். பச்சைக் கட்டம் கடையில் கிடைக்காத துணியா, ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, “அவிய சட்டைதான் அத்தே. பொத்தான் வைக்கக் குடுத்தாவ. திருப்பிக் கேக்கல, நானும் குடுக்கல” என்றாள். பாக்கெட் ஓரத்தைத் தொட்டுக் காட்டி, “மத்தத் தையலெல்லாம் பிரிச்சிட்டேன். இந்த ஊதா நூலை மட்டும் பிரிக்க மனசு வரல. நீங்க தச்சதுன்னு சொன்னாவ” என்றாள். சாக்குக்குக் கேட்ட செம்புத் தண்ணீரை நிஜமாகவே முழுக்கக் குடித்துவிட்டேன். வழியெல்லாம் கோபம் கோபமாக வந்தது, அவள் மேல் இல்லை. ஊரார் வீட்டுப் பெண்ணுக்கு என்னிடம் உண்மை சொல்லத் தைரியம் இருக்கிறது, என் வயிற்றில் பிறந்தவனுக்கு இல்லை. அம்மா கத்துவாள் என்று பயந்தாயா? கத்தியிருப்பேன். கத்தி முடித்துவிட்டுப் பெண் கேட்கக் கிளம்பியிருப்பேன். உன்னை நம்பிக் கண் கலங்கின மனுஷனை ஊரில் கோமாளியாக்கி வைத்திருக்கிறாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை. சட்டை விஷயத்தை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நீயே சொல்லிக்கொள்.

வீட்டுக்கு வந்து சோற்றுப் பானையை அந்தப் பிடிதுணியாலேயே இறக்கிப் பார்த்தேன், கையில் சூடே தெரியவில்லை. கேலி செய்த வாயாலேயே சொல்கிறேன், நல்ல வேலைக்காரி. நாளைக்குச் சேத்தூர் போய் அண்ணனிடம் உள்ளதைச் சொல்லப் போகிறேன், அவர் மனம் நோகும், ரெண்டு வார்த்தை கேட்பார், கேட்டுக்கொள்கிறேன். பெண்ணை எனக்குப் பிடித்துவிட்டது. பிள்ளையைத்தான் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டாள் துணையிருக்க, நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஆவணியில் லீவு கிடைக்குமா என்று கேட்டு எழுது. ஒன்று மட்டும் மறக்காதே, ஊருக்கு வந்ததும் நம் வீட்டுக்கு வராதே, பெட்டியோடு நேரே சமுத்திரம் வீட்டுக்குப் போ. திட்டியது நான் என்பதால் நேற்றே போய் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் கோபப்படவில்லை, “தம்பி வாயால ஒருக்கக் கேட்டுக்கிடுதேன், பொறவு வாரேன்” என்று மட்டும் சொன்னார். அவர் துணி எடுக்க நம் வாசலுக்கு வருகிற அன்றைக்குத்தான் உன் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும்.

இப்படிக்கு
கோணல் தையல்காரி,
உன் அம்மா
ரத்தினம்