வேப்பமரத்துக் குழாயும் உன் ஜெர்மன் கோயில் பாட்டும்

இன்று காலை குடோனில் ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உன் ஹெட்போன் கையில் அகப்பட்டது. காதில் படும் பஞ்சு இற்றுப்போய்த் தொட்ட இடமெல்லாம் கறுப்பு. முகர்ந்து பார்த்தேன். நீ தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெயும், கோவில்பட்டியில் பாதிப் பேருடைய வியர்வையும் அதில் இருந்தன. டீக்கடை, மில் வாசல், பஸ் ஸ்டாண்டு என்று எவன் அகப்பட்டாலும் அவன் காதில் அதை மாட்டிவிட்டவன் அல்லவா நீ.

நீ செத்து ஒன்றரை வருஷமாகிறது. நீ இருந்தவரை நான் உனக்குக் கடிதம் எழுதியதில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்தவனுக்கு எதற்குக் கடிதம்? இப்போது எழுதுகிறேன் என்றால், சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. நீ உயிரோடு இருக்கும்போது சொல்லியிருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாய். இனிக் கழற்றமாட்டாய் என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மில்லில் நூற்பு இயந்திரங்களுக்கு நடுவே முப்பது வருஷம் நின்று உன் இடது காது பாதி போயிருந்தது. அந்தக் காதை வைத்துக்கொண்டு மதுரைக்குப் போய், ஏதோ ஒரு கிறிஸ்தவக் கோயிலில் வெள்ளைக்காரர்கள் கூடிப் பாடியதைக் கேட்டுவிட்டு வந்தாய். அன்றிலிருந்து எனக்குச் சனி பிடித்தது. "முந்நூறு வருசத்துக்கு முந்தி ஜெர்மனியில கோயிலுக்குன்னு எழுதுனதுலே. பரோக்னு அந்தக் காலத்துக்குப் பேரு. நாலு கூட்டமாப் பிரிஞ்சு நிக்குதாவ. ஒருத்தர் முடிக்கும் முன்ன இன்னொருத்தர் எடுக்குதாவ, ஆனா ஒருத்தர் மேல ஒருத்தர் விழல" என்று என் கடையில் நின்று கையை வீசிக்காட்டினாய். நான் சவுண்ட் சர்வீஸ்காரன். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக்செட் கட்டிப் பிழைக்கிறவன். எந்தப் பாட்டுக்கு ஆள் எழுந்து ஆடும், எதற்குப் பந்தி நோக்கி நடக்கும் என்று எனக்குத் தெரியும். நீ போட்டுக்காட்டியதைக் கேட்டுவிட்டு, "பேஸ் கம்மியா இருக்கு" என்றேன். ஒரு வாரம் நீ என்னிடம் பேசவில்லை.

அதற்கப்புறம் ஊரைப் பிடித்தாய். எல்லாரிடமும் உனக்கு ஒரே கேள்விதான். "எப்படி இருக்கு? உள்ளதச் சொல்லணும்."

ஊர் உள்ளதைச் சொன்னது. டீக்கடை மாஸ்டர் ஒரு கையால் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "என்ன அண்ணாச்சி, தண்ணி லாரி வந்துருச்சா? ஆளாளுக்குக் கத்துதாவ" என்றார். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் ஹெட்போனைக் கை மாற்றிக் கேட்டார்கள். அதில் ஒருத்தி, "ஒருத்தி சொன்னதையே அடுத்தவளும் சொல்லுதா. இதுல எவ சொல்லுதது நெசம்னு நாம கண்டுபிடிக்கணுமா?" என்று கேட்டாள். இடைசெவலில் கொடைக்கு நான் செட் கட்டப் போனபோது நீயும் தொற்றிக்கொண்டு வந்தாய். அங்கே ஒரு பருத்திக்காட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்து, "மழைக்கா பாடுதாவ? கேட்டா வாரது மாதிரித் தெரியலியே" என்றார். உன் சபைப் பாதிரி ஐயர், "நல்லாத்தான் இருக்கு. ஆனா பிரசங்கத்துக்கு முன்னாலயே சனம் தூங்கிரும்" என்று ஹெட்போனைப் பக்குவமாகக் கழற்றிக் கொடுத்தார்.

ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் மட்டும் கண்ணை மூடித் தலையை ஆட்டி, "அற்புதம், தெய்வீகம்" என்றார். உன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. நான் செல்போனிலிருந்து பிடுங்கி வைத்திருந்த ஹெட்போன் பின்னை எடுத்து உன் கண் முன்னால் ஆட்டினேன். அவர் கேட்டது வெறும் காற்று. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அதற்குப் பிறகு எவன் நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும், நீ முதலில் பின்னைத் தொட்டுப் பார்த்தாய்.

நீயும் லேசுப்பட்ட ஆள் இல்லை. என் மகள் கல்யாணத்தை நான் மறக்கவில்லை. வரவேற்பில் ஜோடி மேடையில் நிற்க, பாட்டு ஓடிக்கொண்டிருக்க, என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு உன் பென்டிரைவைச் செருகினாய். "இவன் காலம்பூரா போட்டது சத்தம். சங்கீதம்னா என்னன்னு இன்னைக்காவது கேளுங்க" என்று மைக்கில் வேறு சொன்னாய். நாற்பது குரல்கள் மெல்ல இறங்கி வந்தன. சாத்தூரிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா நெஞ்சில் கைவைத்து, "பொண்ணு வீட்டுல யாருக்கும் என்னவும் ஆயிருச்சா?" என்று என் மனைவியிடம் கேட்டாள். உறவுக்காரர்கள் முன்னால் நான் குன்றிப்போனேன். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டேன். நம் ஊர்க் காதுக்கு உன் பாட்டு சாவுப் பாட்டு.

நம் பக்கத்து வழக்கம்தான் அதற்குக் காரணம். கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்தால் முதல் போன் எனக்கு வரும். நான் போய்க் குழாய் ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்துக் கட்டி, பலபேர் கூடி நிதானமாகப் பாடுகிற பாட்டைப் போடுவேன். தெரு அதைக் கேட்டுப் போட்டது போட்டபடி மாலையோடு கிளம்பி வரும். தனியாக ஆள் விட்டுத் துட்டிச் செய்தி சொல்ல வேண்டியதில்லை. இது எனக்குத் தெரிந்த அளவு உனக்கும் தெரிந்திருக்க வேண்டும். உனக்குப் பாட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை.

ஊர் போகட்டும். உனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆளின் வாயிலிருந்து ஒரு வார்த்தை. குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்து, ஜன்னலோரக் கட்டிலில் இரண்டு வருஷமாகக் கிடந்த உன் மனைவியின் வார்த்தை. பிள்ளைகள் இல்லாத வீடு. சபையில் கீர்த்தனை எடுத்துக்கொடுக்கிறவள், நல்ல குரல்காரி, நாக்கும் கூர்மை. நீ போட்ட ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிஷத்தில், "போதும், அணைங்க" என்பாள். "ஒருக்கா நல்லாருக்குன்னு அவ சொல்லிட்டாப் போதும்லே, அப்புறம் நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன்" என்று என்னிடம் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். கண் சிரிக்கவில்லை.

அந்தச் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் கொசு கத்துவது போல இருக்கிறது என்று அவள் சொன்னாளாம். மே மாதத்து ஞாயிறு, மத்தியானம் மூன்று மணிக்கு இரண்டு பெரிய பெட்டி வேண்டும் என்றாய். "வீட்டுக்குள்ள மட்டும். குழாய் வேண்டாம்." நான் குழாயும் கொண்டுவந்தேன். அதையும் கட்டினால்தான் ஆம்ப்ளிஃபயருக்கு லோடு சரியாக நிற்கும் என்று கதை விட்டேன், நம்பினாய். உன் வீட்டு வேப்பமரத்தில் பின்பக்கச் சுவரைப் பார்த்துக் கட்டினேன். நீ உள்ளே போய்க் கதவைச் சாத்திப் பாட்டை ஆரம்பித்ததும், மரத்தில் ஏறிக் குழாயைத் தெருவைப் பார்த்துத் திருப்பினேன்.

ஆமாம், நான்தான். காற்று திருப்பவில்லை, கயிறு இளகவில்லை. அன்று உன்னிடம் அப்படிச் சொன்னது பொய்.

ஐந்து நிமிஷத்தில் என் போன் அடித்தது. டீக்கடை மாஸ்டர். "யாரு, வீட்டம்மாவா?" என்று தழைந்த குரலில் கேட்டார். இல்லை என்று ஒரு சொல் போதும். "வந்து பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கல்யாண வீட்டில் நான் குன்றிப்போனது போல உன் வாசலில் நீ ஒருநாள் குன்ற வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. கட்டிலில் கிடந்தவள் என் கணக்கிலேயே இல்லை.

பிறகு ஜன்னல் பக்கம் போய் உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கட்டில் கம்பியில் அவள் விரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. நீ சுவரோடு சுவராக, மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்கிறவனைப் போல நின்றாய். அப்போதாவது நான் வயரைப் பிடுங்கியிருக்கலாம். ஆம்ப்ளிஃபயர் என் காலடியில்தான் இருந்தது. பிடுங்கவில்லை. என்ன ஆகிறது பார்ப்போம் என்று நின்றேன்.

தெருமுனையிலிருந்து ஒப்பாரி வந்தது. "என் ராசாத்தி, எங்களை விட்டுட்டுப் போயிட்டியே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு நான்கு பெண்கள் முன்னால், பின்னால் மாலையோடு ஆண்கள். கதவைத் தள்ளிக்கொண்டு முதலில் நுழைந்தவள், கட்டிலில் கண்விழித்துப் பார்த்தவளைக் கண்டு அலறியடித்துக்கொண்டு வெளியே ஓடினாள். மாலை கொண்டுவந்தவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் காலில் தொங்கவிட்டார். எந்தப் புண்ணியவான் போன் செய்தானோ, லோடு ஆட்டோவில் ஐஸ் பெட்டி வந்து வாசலில் நின்றது. "பெட்டிய இறக்கவா, திருப்பவா?" என்று டிரைவர் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். வாசலில் யாரோ ஒருவர் சிரிக்க, கூட்டம் முழுக்கச் சிரித்தது. நானும்தான்.

உன் மனைவி மாலையைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். கடைசியில் உன்னைப் பார்த்து, "போதும், அணைங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நீ பாட்டுப் போடவில்லை. தெருவில் நீ நடந்தால், "இன்னைக்கு யாரு அண்ணாச்சி?" என்று கேட்டார்கள். ஹெட்போனை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாய். "நீ வச்சுக்கோலே. என்கிட்ட இருந்தா எவன் காதுலயாவது மாட்டிருவேன்." பிறகு தினமும் சாயங்காலம் என் குடோனுக்கு வந்து சின்னதாக வைத்துக் கேட்டாய். நான் கண்ணை மூடிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். பத்து மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் விடிந்து பல் தேய்க்கப் போனவன், கொல்லையிலேயே விழுந்து செத்துப்போனாய்.

அவள் போன் கேட்டு ஓடிவந்து உன்னைத் தூக்கிப் பெஞ்சில் கிடத்தினேன். எட்டு மணிக்குச் செட்டோடு வந்தேன். "அவிய பாட்டையே போடுங்க" என்றாள் உன் மனைவி. அதே மரத்தில் குழாயைக் கட்டி, தெருவைப் பார்த்துத் திருப்பி, முழுச் சத்தத்தில் வைத்தேன். யாரும் வரவில்லை. ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. எதிர்வீட்டுக்காரி குடத்தோடு வெளியே வந்து, "இவியளுக்கு வேற வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்ன பிறகுதான் வந்தார்கள். அதற்கு முன்னால், துணைக்கு ஆள் வரும்வரை என்னை நகரவிடவில்லை அவள். குளத்தூரிலிருந்து உன் தம்பி பஸ் ஏறி வந்து சேர மதியமாகும். அதுவரை வீட்டில் கட்டிலில் அவள், பக்கத்தில் பெஞ்சில் நீ, தரையில் நான்.

பாட்டு ஒரு முறை ஓடி முடிந்தது. "இன்னொருக்கா போடுங்க" என்றாள். போட்டேன். கடைசிக் குரல் அடங்கும்வரை அசையாமல் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

நீ நான்கடி தூரத்தில் கிடந்தாய். உன் நல்ல காது அவள் பக்கம்தான் இருந்தது.

"அன்னைக்கே சொல்லிருப்பேன்" என்றாள். ஜன்னலைக் காட்டி, "நீங்க மரத்துல ஏறிக் குழாயைத் திருப்புனத இந்த ஜன்னல் வழியா நான் பாத்தேன், அண்ணாச்சி. எதுக்குத் திருப்புதீங்கன்னு அப்ப வெளங்கல."

"அவன்கிட்ட ஏன் தங்கச்சி சொல்லல?"

"சொன்னா உங்க மூஞ்சில முழிக்க மாட்டாவ. நானும் ஒழுங்காக் கேட்டதில்ல, ஊரும் கேக்கல. தெனமும் சாயங்காலம் வந்து, 'இன்னைக்கும் அவன் கண்ண மூடிக் கேட்டாம்ட்டி'ன்னு சொல்லிட்டுத்தான் சாப்பிட உக்காருவாவ. இருக்கதே ஒரு ஆளு. அதையும் எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."

நான் ஒரு நாளும் கேட்டதில்லை. கண்ணை மூடி உட்கார்ந்து, மறுநாள் எந்த ஊருக்கு எத்தனை பெட்டி ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். சில நாள் தூங்கியும் இருக்கிறேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா தங்கச்சி, நல்லாக் கேப்பேன்" என்றேன். அவள் தலையாட்டினாள். உன் முகத்தில் ஈ உட்காருகிறது, ஓட்டுங்கள் என்றாள். ஓட்டினேன்.

இப்போது ஞாயிறுதோறும் போகிறேன். அவள் போடச் சொல்கிறாள். உன் பாட்டு எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் தூங்க முடிவதில்லை, வேறு எதையும் யோசிக்கவும் முடிவதில்லை. தொடக்கம் முதல் கடைசிவரை ஒரு குரல் விடாமல் கேட்கிறேன். அவ்வளவு நேரமும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.